கரிக்கட்டைக்கு ஒரு புது முகம்

தம்பியின் முகத்தை அழித்துவிட அவளுக்கு ஒரு மதியச் சாப்பாட்டு இடைவேளையே போதுமானதாக இருந்தது.

நிஜ முகத்தை இல்லை. அதைத்தான் ஒரு மின்சாரப் பெட்டி ஏற்கெனவே பாதி அழித்து முடித்திருந்ததே. அவள் கை வைத்தது, விளையாட்டுக்குள் அவன் மாட்டிக்கொண்டு திரிந்த முகத்தில்.

அலுவலகத்தில் அவளுக்கு முகக்காரி என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்காத அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் கம்பெனி நடத்துவது ஒரு கடல் விளையாட்டு. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வந்து கப்பலேறுவார்கள். புயலில் கவிழ்ந்த படகுகளைத் தேடிப்போய், தத்தளிக்கிறவர்களைத் தூக்கி மேலே போடுவார்கள். ஆனால் கப்பலில் கால் வைப்பதற்கு முன்னால் எவனாக இருந்தாலும் போய் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கண்ணாடி அறை. அங்கேதான் தனக்கான முகத்தைச் செய்துகொள்ள வேண்டும். மூக்கை இழுக்கலாம், தாடையைத் தேய்க்கலாம், காதை விரிக்கலாம், கண்ணுக்குக் கீழே கருவளையம்கூட வைத்துக்கொள்ளலாம். அந்த அறையைச் செங்கல் செங்கல்லாகக் கட்டியவள் அவள்தான்.

கட்டியதற்குக் காரணம் அழகுணர்ச்சி ஒன்றும் இல்லை. கண்ணாடி அறையில் நெடுநேரம் நின்றவன் விளையாட்டை விட்டுப் போகமாட்டான். இது அந்த அலுவலகத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த பாடம். கப்பலை விட்டுவிட்டுப் போவார்கள், சேர்த்துவைத்த புதையலை விட்டுவிட்டுப் போவார்கள். தானே உட்கார்ந்து செதுக்கிய மூக்கை விட்டுவிட்டுப் போக ஒருவனுக்கும் மனசு வராது. மேலதிகாரி எதையும் அளந்து பார்த்தே பேசுகிற மனிதர். மீட்டர் என்பது அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். ஆட்களைப் பிடித்துவைப்பதில் கப்பல் எவ்வளவு, புயல் எவ்வளவு, முகம் எவ்வளவு என்று அவர் கூறு போட்டுக் காட்டுவார். முகத்தின் கூறுதான் எப்போதும் பெரிதாக இருக்கும். அந்தக் கூட்டங்களில் முகக்காரி அடக்கமாகச் சிரித்துக்கொள்வாள்.

தலைகீழ்க் கணக்கும் ஒன்று இருந்தது. போன வருஷம் ஏதோ ஒரு அப்டேட் சொதப்பி, கொஞ்சம் பேருடைய முகங்கள் மொத்தமாக அழிந்துபோயின. எல்லோருக்கும் ஆரம்ப முகம் வந்து உட்கார்ந்துகொண்டது: மூக்கும் முழியுமாக, வழவழவென்று, துணிக்கடை பொம்மையின் களை. அலுவலகத்தில் அவர்களை மொட்டை கேஸ் என்றார்கள். மொட்டையானவர்களில் பெரும்பாலானவர்கள் அதோடு சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டிவிட்டார்கள். முகம் போனால் ஆளும் போவான் என்று மீட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு முடிவு சொன்னார்.

அந்த முடிவைத்தான் அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

*

தம்பி எலக்ட்ரீஷியன். ஒரு தொழிற்சாலையில் மின்சாரப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது உள்ளே வெடித்தது. இடது காதிலிருந்து உதட்டோரம் வரை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் நேராக அக்காவின் வீட்டுக்கு வந்தான். பெற்றவர்கள் போனபிறகு அவனுக்கு வேறு வீடு எது. குளியலறைக் கண்ணாடி மேல் ஒரு துண்டைப் போட்டான். பின்கட்டு அறைக்குள் புகுந்தான். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. பொழுது போகட்டுமே என்று விளையாட்டை அதில் ஏற்றிக் கொடுத்தவளும் அக்காதான்.

பொழுது போயிற்று. அவன்தான் வெளியே வரவில்லை.

காலையில் அவள் கிளம்பும்போது அந்த அறைக் கதவிடுக்கில் நீல வெளிச்சம். சாயங்காலம் திரும்பி வரும்போதும் அதே வெளிச்சம். உள்ளே காதோடு மாட்டிய ஹெட்செட்டின் ஒலிவாங்கியில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருப்பான். அக்காவிடம் சிரிப்பதில்லை. பழைய முதலாளி, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் உட்கார்ந்த இடத்து வேலை இருக்கிறது, கூட்டத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஆள்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். பார்க்கலாம் என்றான். அவன் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டான் என்று அர்த்தம்.

சாப்பிட உட்கார்ந்தால் அக்கா எப்போதும் அவனுடைய வலது பக்கம்தான் உட்காருவாள். வேண்டுமென்று செய்ததில்லை. முதல் வாரம் கட்டுப் பிரிக்காதபோது அப்படி உட்கார்ந்தது, அப்படியே பழகிவிட்டது. தட்டைப் பார்த்துப் பேசுவாள், குழம்பைப் பார்த்துப் பேசுவாள், மிஞ்சிப்போனால் அவனுடைய வலது காதைப் பார்த்துப் பேசுவாள். நாள் முழுக்க முகங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறவளுக்கு, இந்த ஒரு முகத்தின் பக்கம் கண் நகராது.

கொஞ்ச நாளாகக் குளியலறையில் அந்தத் துண்டு கீழே கிடந்தது. ஈரத்தில் நழுவியிருக்கும் என்று எடுத்து, தட்டி, கண்ணாடி மேல் பழையபடி மாட்டினாள். மறுநாளும் கிடந்தது. பாவம், தெரியாமல் கண்ணில் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்று இன்னும் கொஞ்சம் இழுத்துச் செருகினாள். வாசலில் அவனுடைய செருப்பில் சேறு அப்பியிருந்தது ஒருநாள். மழைத் தண்ணீர் வராந்தாவரை வந்துவிட்டதாக்கும் என்று வீட்டுக்காரரை நாலு வார்த்தை திட்டிக்கொண்டே கழுவி வைத்தாள்.

அப்புறம் ஒரு மதியம், ஆளில்லாத அலுவலகத்தில், தம்பியின் கணக்கைத் திறந்தாள்.

விளையாட்டில் அவன் பெயர் கரிக்கட்டை. அதைப் பார்த்ததுமே அவளுக்கு நெஞ்சு கரித்தது. கண்ணாடி அறையில் அவன் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறான் என்று தேடினாள். வந்து விழுந்த பதிலைப் பார்த்து நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். ஒரு மனிதன் ஒரு முகத்துக்கு இவ்வளவு நேரம் செலவழித்து அவள் பார்த்ததே இல்லை. போவான், வருவான், கொஞ்சம் மாற்றுவான், மறுபடி போவான். மாசக்கணக்கில்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தாள். போன முகத்துக்குப் பதிலாக ஒரு ராஜகுமாரன் முகத்தை வடித்துவைத்திருக்கிறான். அதை மாட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டான். இனி எந்த முதலாளி கூப்பிட்டு வெளியே வரப்போகிறான்?

அந்த முகத்தைத் திறந்து பார்க்கும் பொத்தான் பக்கத்திலேயேதான் இருந்தது. ஒரு தட்டு தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். தட்டவில்லை. பார்த்தால் மனசு இளகிவிடும் என்று பயந்தாள். நேரத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தொழிலில் ஊறிப்போனவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ள, சோதனை என்று ஒரு குறிப்புப் போட்டாள். மொட்டையடித்தாள். பிறகு டப்பாவைத் திறந்து ஆறிப்போன சாப்பாட்டை உருட்டி உருட்டி விழுங்கினாள்.

*

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அவனே பேச்செடுத்தான்.

"அக்கா, உங்க கம்பெனியில எல்லாருக்கும் முகம் போயிடுச்சா?"

"அப்டேட்டுல ஏதோ கோளாறாம்" என்றாள் வலது காதிடம்.

"என் குழுவுல எனக்கு மட்டுந்தான் போயிருக்கு."

"விசாரிக்கிறேன்."

அவன் கை கழுவிவிட்டு அறைக்குப் போனான். அக்கா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே காது கொடுத்தாள். ஒலிவாங்கியில் பேச்சு இல்லை. சிரிப்பு இல்லை. காலையில் பார்த்தால் கதவிடுக்கில் வெளிச்சமும் இல்லை.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் நின்றபடியே பட்டறை முதலாளிக்குப் போன் போட்டு, அந்த வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, பையன் சரி என்று சொன்னால் திங்கட்கிழமையே வரட்டும் என்றார் அவர். சரி என்பான், நான் சொல்ல வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

அன்று வீடு திரும்பியபோது நீல வெளிச்சம் மறுபடி எரிந்துகொண்டிருந்தது.

பரவாயில்லை, பழக்கம் ஒரே நாளில் விடுமா என்று தேற்றிக்கொண்டாள். அடுத்த நாளும் எரிந்தது. அதற்கடுத்த நாளும். ஒரு வித்தியாசம்: அறையிலிருந்து இப்போது குரல் அதிகமாகக் கேட்டது. முன்பு சிரித்தவன் இப்போது சத்தம் போட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று பிசிறடித்தது. சாப்பாட்டுத் தட்டை உள்ளேயே கொடுத்துவிடச் சொன்னான்.

குளியலறையில் துண்டு மட்டும் அதற்கப்புறம் கீழே விழவே இல்லை. இழுத்துச் செருகியது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே தெருவில் ஒரு வேன் ஹாரன் அடித்தது. விட்டு விட்டு அடித்தது. பிறகு படியில் திடுதிடுவென்று காலடிச் சத்தம், கதவில் தட்டல்.

வாசலில் நின்றவள் ஐம்பதை நெருங்கியவள். டிரைவர் சட்டை, இடுப்பில் சாவிக் கொத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளாம். லீவு நாள் என்பதால் வேனைச் சொந்த வேலைக்குக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாளாம்.

"கரிக்கட்டை வீடு இதானே? போய் ரிவர்ஸ் வந்திருக்கேன்னு சொல்லுங்க, தெரியும். புயல்னா மொத ஆளா கப்பலைத் திருப்பறவ நான்தான், அதான் அந்தப் பேரு." சிரித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "கெளம்பிட்டாரா? கீழ வண்டியில நாலு பேரு வெந்துகிட்டு இருக்கோம்."

எங்கே கிளம்ப வேண்டும் என்று முகக்காரி கேட்டாள்.

ரிவர்ஸ் அவளை விநோதமாகப் பார்த்தாள். குழுவில் எல்லோரும் நேரில் சந்திப்பது என்று எப்போதோ பேசிவைத்த நாளாம் இது. ஆற்றோரம் ஒரு ஓட்டலில் மேசைகூடச் சொல்லிவைத்திருக்கிறார்களாம். போகிற வழிதானே, வீட்டு வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றாளாம் இவள். விலாசத்தை அனுப்பியவன் தம்பிதானாம்.

"அவன் வெளியில வர்றதில்லையே" என்றாள் அக்கா.

"யாரு சொன்னா? ஒரு மாசமா சாயங்காலமானா, அக்கா வர்றதுக்கு முன்னால, ஒரு மணி நேரம் லீவு குடுன்னு கேட்டுட்டுப் போவாரே. நடந்து பழகறேன், ஆளுங்க பாத்தா பாக்கட்டும்னு. மொதல்ல தெருமுனை, அப்புறம் மார்க்கெட்டு. வந்து எங்ககிட்ட ஒப்பிப்பாரு. இன்னிக்கு ஒருத்தன் மொறைச்சான், இன்னிக்கு ஒரு கெழவரு ரொம்ப வலிச்சுதாப்பான்னு கேட்டாருன்னு."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சேறு படிந்த செருப்பு கண் முன்னால் வந்து நின்றது.

"உங்களுக்கு அவன் முகம்…"

"தெரியாம என்ன? அதத்தானே போட்டுக்கிட்டு வருவாரு. காதுலேர்ந்து இங்க வரைக்கும்." ரிவர்ஸ் தன் கன்னத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். கோடு உதட்டோரம் அச்சாக நின்றது. "மொதல் நாள் பாத்துட்டு நான்கூட பேய் வேஷம்னு நெனச்சேன். இல்ல, நான் இப்படித்தான் இருப்பேன், பின்னால நேர்ல பாத்துட்டு ஷாக் ஆகக்கூடாது பாருங்க, அதான் இப்பவே காட்டிடறேன்னாரு. கொஞ்ச நாள்ல எங்களுக்குப் பழகிடுச்சு. தழும்பு எங்க கண்ணுக்கே தெரியல, ஆளுதான் தெரிஞ்சாரு. அவருக்கும் பழகிடுச்சுன்னு நெனைக்கிறேன்."

அப்படியானால் ராஜகுமாரன் எங்கே?

ரிவர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "இந்த வாரம் என்னாச்சோ தெரியல, திடீர்னு வழவழன்னு பொம்மை மூஞ்சியோட வந்து நின்னாரு. கம்பெனிக் கோளாறுன்னு சொன்னாரு. எங்க குழுவுல ஒருத்தன், வாய்க்கொழுப்பு புடிச்சவன், விளையாட்டுக்கு ஒண்ணு சொல்லித் தொலைச்சுட்டான்."

"என்ன சொன்னாரு?"

"அப்பாடா, இப்பத்தான் நீ மனுசன் மாதிரி இருக்கேன்னான்."

பின்கட்டு அறைக் கதவு மூடியிருந்தது. வேன்காரி அதன் முன்னால் போய் நின்று தட்டினாள். வா சாமி, அந்த வாயாடியைக் கூட்டிவரவில்லை, பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். சட்டை போடாவிட்டாலும் பரவாயில்லை, வேனில் ஸ்கூல் யூனிபாரம் கிடக்கிறது என்றாள். உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. கதவு திறக்கவில்லை. கடைசியில் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, "போனா போகுது, நாங்க வந்து சொல்றோம் அங்க என்ன சாப்ட்டோம்னு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். திரும்பும்போது அவளுக்குக் கண் சிவந்திருந்தது.

கீழே வேன் புறப்பட்டது. அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கியதும்தான் அறைக்குள் மௌஸ் சொடுக்கும் ஓசை மறுபடி ஆரம்பித்தது.

*

திங்கட்கிழமை மீட்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசைத் திரையில் கரிக்கட்டையின் கணக்கு விரிந்து கிடந்தது.

அவர் கோபத்தில் இல்லை. கண் மின்னிக்கொண்டிருந்தது. சோதனை என்று போட்டிருக்கிறாயே, யார் இந்த ஆள், எங்கே பிடித்தாய் என்றார். மொட்டையடித்தால் ஓடிப்போவான் என்பதுதானே நாம் கண்டது, இவன் ஓடவில்லையே. முன்பெல்லாம் தினம் சாயங்காலமானால் ஆளைக் காணோம்; இப்போது அந்த இடைவெளியே அடைபட்டுப்போயிற்று. காலையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. கண்ணாடி அறை திறந்துதான் இருக்கிறது, பழையபடி எதையும் செய்துகொள்ளலாம், ஆனால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"நாம குடுத்த மூஞ்சியையே வச்சுக்கிட்டான் பாருங்க" என்றார். "இவன் இனி எங்கயும் போகமாட்டான். இந்த மாதிரி இன்னும் கொஞ்சம் ஆளுங்களைத் தேடிப் பிடிங்க. சோதனையைப் பெருசாப் பண்ணுவோம்."

அவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. நேராக சர்வர் அறைக்குப் போனாள். அங்கே பழைய நகல்களைக் காவல் காக்கிற ஆள் ஒருவர் உண்டு. எதையும் தூக்கி எறியாதவர் என்பதால் அவருக்குக் கிடங்கு என்று பெயர். எதற்கு என்று கேட்காமல் தேடினார். முகம் இருந்தது. அதை அவளுக்காகத் திரையில் ஏற்றிவிட்டு, ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டார்.

அவள் தனியாகப் பார்த்தாள்.

விபத்துக்கு அப்புறம் தம்பியின் முகத்தை அவள் முழுசாகப் பார்த்தது அப்போதுதான். அதுவும் திரையில். இடது புருவம் பாதியில் நின்றிருந்தது. இமை லேசாகக் கீழே இழுத்திருந்தது. கன்னத்தில் தோல் சுருங்கி, மினுங்கி, ஓரத்தில் மடிந்து, உதட்டை ஒரு பக்கமாகக் கொக்கி போட்டுத் தூக்கியிருந்தது.

இதைச் செய்ய அவள் கட்டிய அறையில் சாமானே கிடையாது. வாள்வெட்டுத் தழும்புதான் உண்டு, வீரனுக்கு எடுப்பாக. தீக்காயம் வேண்டும் என்று ஒருமுறை அவளே கேட்டபோது, அசிங்கத்தை எவன் ஆசைப்பட்டுப் போடுவான் என்று மீட்டர் வெட்டிவிட்டார். ஆகவே தம்பி கிடைத்ததை வைத்துச் செய்திருக்கிறான். மரப்பட்டைச் சாயத்தை அடியில் பூசி, அதன்மேல் ஈர மணல் நிறம், அதன்மேல் மீனவர் தாடிக்கென்று வைத்திருந்த நிழலை முடியில்லாமல் தேய்த்து, மினுக்கத்துக்கு மெழுகு. உதட்டுக் கோணலுக்குச் சிரிப்பின் அளவை ஒரு பக்கம் மட்டும் ஏற்றியிருக்கிறான். இதற்கெல்லாம் கண்ணாடி வேண்டும். நிஜக் கண்ணாடி. விளையாட்டிலிருந்து எழுந்து, குளியலறைக்குப் போய், துண்டை இறக்கி, தன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, கொஞ்சம் மாற்றி, மறுபடி எழுந்து போய்.

ஒவ்வொரு தடவையும் அவள் துண்டை எடுத்து மாட்டியிருக்கிறாள்.

*

அன்று சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டாள். தம்பி உள்ளே இருந்தான். முதலில் குளியலறைக்குப் போய்க் கண்ணாடி மேலிருந்த துண்டை உருவித் துவைக்கிற வாளியில் போட்டாள். பிறகு அறைக் கதவைத் தள்ளினாள்.

திரையில் ஒரு கேள்வி நின்றுகொண்டிருந்தது. அவள் அலுவலகத்திலிருந்து அனுப்பிவைத்ததுதான். இடது பக்கம் பழைய முகம், வலது பக்கம் பொம்மை முகம். நடுவில், எந்த முகத்தோடு தொடர விருப்பம்? அந்த வாசகத்தை எழுதியவளும் அவள்தான். தொடரலாமா என்று கேட்கக்கூடாது, எந்த முகத்தோடு என்று கேட்க வேண்டும், அப்போதுதான் போகிற எண்ணமே வராது என்று மீட்டரிடம் பாராட்டு வாங்கிய வாசகம்.

"நீதானே அழிச்சே?" அவன் திரும்பாமலே கேட்டான்.

பொய் சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை. "ஆமா."

"எதுக்கு?"

"நீ வெளிய வரணும்னுதான்."

அவன் சிரித்தான். சிரிப்பு ஒரு பக்கம்தான் ஓடியது. "வந்துட்டுதான்க்கா இருந்தேன்."

அவள் நிறையப் பேசினாள். தப்புதான் என்றாள். ராஜா மாதிரி ஏதோ செய்துவைத்திருக்கிறாய் என்று நினைத்தேன் என்றாள். ரிவர்ஸ் அம்மா கதவில் கை வைத்துக்கொண்டு நின்றதைச் சொன்னாள். யாரோ ஒருத்தன் வாய் தவறிச் சொன்னதற்காக மற்ற எல்லோரையும் விட்டுவிடுவாயா என்றாள். இடது பக்கத்தை அழுத்து, அவ்வளவுதான், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றாள். பட்டறைக்காரர் காத்திருப்பதையும் சொன்னாள்.

அவன் மௌஸை மேசையில் தள்ளி வைத்தான்.

"அழிஞ்ச அன்னிக்குக் கோவமாத்தான் இருந்துச்சு" என்றான் பிறகு. "மறுபடி செஞ்சுடலாம்னுதான் ஒக்காந்தேன். எனக்கு மனப்பாடம் அது. அதுக்குள்ள அவன் அப்படிச் சொன்னான். கூட இருந்தவங்க சிரிச்சாங்க. தப்பா சிரிக்கல. நிம்மதியா சிரிச்சாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது, இத்தன நாளா பொறுத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

"அப்படி இல்லடா. அந்தம்மா சொன்னாங்க, தழும்பே தெரியலன்னு…"

"நல்லவங்க, சொல்வாங்க. நீயும் நல்லவதான்க்கா. ஒரு நாளாச்சும் அந்தப் பக்கம் வந்து ஒக்காந்திருக்கியா?"

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு அவனுடைய இடது பக்கம் போனாள். அங்கே இத்தனை நாளும் நாற்காலி போட்டதே இல்லை; தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். நிமிர்ந்து, கண்ணை நகர்த்தாமல், அவனைப் பார்த்தாள்.

அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். மெதுவாக, கோபமே இல்லாமல், வலது பக்கம் அவளுக்கு வரும்படி.

"வேணாம்க்கா. உனக்குக் கஷ்டமா இருக்கு. எனக்குத் தெரியுது."

கை நீட்டி மௌஸை எடுத்தான். வலது பக்கத்தை அழுத்தினான். பழைய முகம் மறைந்தது. பொம்மை முகம் திரை நிறைய வந்து நின்று, அவள் அதற்கென்று வரைந்துவைத்த அந்த ஆரம்பச் சிரிப்பைச் சிரித்தது. அவன் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, யாருக்கோ உற்சாகமாக வணக்கம் வைத்தான்.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டு, பையன் இப்போதைக்கு வரமாட்டான் என்றாள். அலுவலகத்தில் மீட்டர் புதிய சோதனைக்கு நாள் குறித்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. திறந்து பார்க்காமல் போனைக் கைப்பையில் போட்டாள்.

மறுநாள் காலை முகம் கழுவப் போனவள் குளியலறை வாசலிலேயே நின்றாள். கண்ணாடி மேல் வேறொரு துண்டு இருந்தது. இந்தத் தடவை செருகியிருக்கவில்லை. கம்பிகளுக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பால் நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தது. எங்கேயும் ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருக்கவில்லை. நல்ல எலக்ட்ரீஷியன் அவன். ஒருமுறை மூடினால் ஈரம்கூட உள்ளே போகாது.